மேல போனா மட்டும் போதுமா, பத்திரமா கீழ வரணும்ல!

வாசகர் கேள்வி - பதில்

சயின்ஸ் எக்ஸிபிஷன் சீசன் வந்துடுச்சு, இந்த முறை வந்த கேள்வி அத்தனையும் ராக்கெட் பத்திதான். வேலூர் சுத்துப்பட்டு ஸ்கூல் பசங்களை கூட்டிக்கினு ஞாயித்துக்கிழமை ஆனா பாலாத்து மணல்ல ராக்கெட் விடறவன் நான், இந்த விஷயத்துல கேள்வி வந்தா எனக்கு சந்தோஷம், அதனால சில பதில் நீளமாதான் போகும்.

கேள்வி: எங்க வீட்டுல தீப்பெட்டி வேலை. எட்டாவது படிக்கிற என் பையன் ரெண்டு நாளா குச்சியில இருக்கிற மருந்தை சுரண்டி சுரண்டி ஒரு கிண்ணத்துல சேர்த்து வெச்சிருக்கான். இன்னாடா இதுன்னு கேட்டா ராக்கெட் செய்யப்போறேன்னு சொல்றான். விடலாமா?
(வாசகி, குடியாத்தம்)

அம்மா, முதல்ல அந்த கிண்ணத்துல மெதுவா தண்ணி ஊத்தி நல்லா ஊற வெச்சிடுங்க. கிளறாதீங்க, தேய்க்காதீங்க, அடுப்பு பக்கமோ வெயில்லயோ வைக்காதீங்க. இதை செஞ்சிட்டு வந்து மீதி பதிலை படிங்க.

குச்சி தலையில முக்கியமா இருக்கிறது பொட்டாசியம் குளோரேட். ஒத்தை குச்சியா இருக்கிற வரைக்கும் அது அடுப்பு பத்த வைக்கிற சாமான், அதையே நூறு இருநூறு குச்சியில இருந்து சுரண்டி ஒரு குழாய்க்குள்ள போட்டு இடிச்சா அது வேற சமாச்சாரம், ஒரு உரசல் போதும், கையிலயே பிடிச்சிக்கும். அதோட பட்டாசை பிரிச்சு எடுத்த மருந்தையும் கலந்துட்டா இன்னும் மோசம், ஏன்னா குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தா லேசா தேய்ச்சாலே பத்திக்கும். குழாய்க்குள்ள எரியற கேஸ் வெளிய போக வழி பத்தலன்னா குழாயே சிதறும், அப்ப போறது விரலும் கண்ணும்தான். லைசென்ஸ் இல்லாம வெடிமருந்து செய்யறது 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி குத்தம் வேற.

ஆனா பையனை அடிக்காதீங்கம்மா. அவனுக்கு வந்த ஆசை நல்ல ஆசை, அவன் கையில எடுத்த சாமான்தான் தப்பு. இதே தப்பை 1950-கள்ல அமெரிக்காவுல ஊர் ஊரா பசங்க பண்ணாங்க, இரும்பு பைப்புல மருந்தை அடைச்சு கை போச்சு கண்ணு போச்சுன்னு ஆச்சு. அங்க நெப்ராஸ்கா மாகாணத்துல நார்ஃபோக்னு ஒரு சின்ன ஊர், ஆர்வில் கார்லைல்னு ஒருத்தர் ஷூ கடை வெச்சிருந்தாரு, நம்ம ஆம்பூர் ராணிப்பேட்டை மாதிரி அவருக்கும் பொழப்பு ஷூதான், வாணவேடிக்கை விடறதுல மட்டும் நல்ல கைப்பழக்கம். அவர் கூடப்பொறந்த ராபர்ட் மாடல் ஏரோப்ளேன் விடறவரு. 1954-ல ராபர்ட்டுக்காக ஆர்வில் ஒரு குட்டி ராக்கெட் செஞ்சாரு, அட்டைக் குழாய் உடம்பு, எரிஞ்சு முடிஞ்சதும் கழட்டி புதுசு போடற மாதிரி மோட்டார் (கரண்ட் மோட்டார் இல்ல, மருந்து அடைச்ச சின்ன குழாய்), கீழ வர்றதுக்கு பாராசூட். 1957-ல ஹாரி ஸ்டைன்னு ஒரு ராக்கெட் என்ஜினியர் இந்த பசங்க அடிபடறதை பத்தி எழுதினதை படிச்சிட்டு, ஆர்வில் அந்த ஸ்டைனுக்கே ரெண்டு மூணு செட்டை பார்சல் பண்ணி அனுப்பினாரு. மாடல் ராக்கெட்ரிங்கிற விளையாட்டு ஆரம்பிச்சது அங்கதான். மருந்து வேலை ஃபேக்டரியோட, பசங்களுக்கு அட்டையும் பசையும் கணக்கும், இதுதான் அந்த ஏற்பாடு. பசங்களை மருந்துகிட்ட இருந்து தள்ளி வைக்கத்தான் இது பொறந்துச்சு, அதை உங்க பையன்கிட்ட அப்படியே சொல்லுங்க.

அவனுக்கு இப்போதைக்கு நல்லது தண்ணி ராக்கெட். கலர், சோடா வர்ற 2 லிட்டர் பாட்டில், மூணுல ஒரு பங்கு தண்ணி, மீட்டர் வெச்ச சைக்கிள் பம்ப். தண்ணி விக்கிற பாட்டில் வேணாம், அது மெல்லிசு, காத்து அழுத்தம் தாங்காது. காத்து அழுத்தம் 60 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர்ல காட்டற அளவு) தாண்டக்கூடாது, கீறல் விழுந்த பாட்டிலை தூக்கி போட்டுடணும், பம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவுல நீளமா டியூப் விட்டு தள்ளி நின்னு அடிக்கணும், கண்ணுக்கு கண்ணாடி போடணும். நெருப்பே இல்லாம அறுபது எழுபது அடி தாராளமா போகும்.

கேள்வி: மாடல் ராக்கெட்டுக்குள்ள என்னென்ன பாகம் இருக்கும், எது எதுக்கு? எக்ஸிபிஷனுக்கு உள்ள தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்கணும் அங்கிள்.
(பத்தாம் வகுப்பு மாணவி, காட்பாடி)

நல்ல யோசனை கண்ணு. அட்டைக் குழாயோட ஒரு பக்கத்தை நீளவாக்குல வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல ஓஎச்பி ஷீட், அதான் கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஷீட், ஒட்டிடு, உள்ள எல்லாம் தெரியும்.

உச்சியில இருக்கிறது நோஸ் கோன், மூக்கு. காத்தை பிளந்துகினு போறதுக்கு. ரொம்ப கூரா ஊசி மாதிரி இருந்தாதான் வேகமா போகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நம்ம ராக்கெட் போற வேகத்துக்கு முட்டை முனை மாதிரி வழவழன்னு உருண்டு இருந்தாலே போதும். அது குழாய் மேல இறுக்கமா உக்காரக்கூடாது, தொளதொளன்னும் இருக்கக்கூடாது. ராக்கெட்டை தலைகீழா பிடிச்சா விழக்கூடாது, அப்படியே லேசா ஒரு உலுக்கு உலுக்கினா விழணும், அதுதான் அளவு. இறுக்கமா இருந்தா மணல் காயிதத்துல தேய், லூஸா இருந்தா ஒரு சுத்து டேப்பு சுத்து.

அடுத்தது பாடி டியூப், அதுக்குள்ள மேல் பாதியில மடிச்சு வெச்ச பாராசூட். மூக்கையும் உடம்பையும் சேர்த்து கட்டறது ஷாக் கார்டு, டெய்லர் கடையில கிடைக்கிற எலாஸ்டிக்கே போதும், ஆனா கஞ்சத்தனம் வேணாம், ராக்கெட் நீளத்துக்கு ரெண்டு பங்காவது விடு. குட்டையா இருந்தா மூக்கு வெளிய பறந்து போன வேகத்துல திரும்பி வந்து உடம்புலயே அடிச்சு குழாயை கிழிச்சிடும். பாராசூட்டுக்கு கீழ வாடிங்னு தீப்பிடிக்காத காயிதம் கசக்கி வைப்பாங்க, மோட்டார்ல இருந்து வர்ற சூட்டு கேஸ் பிளாஸ்டிக்கை உருக்கிடாம இருக்க அதுதான் காவல்.

கீழ் முனையில மோட்டார் மவுண்ட். மோட்டார் போற சின்ன குழாயை பெரிய குழாய்க்கு சரியா நடுவுல பிடிச்சு வைக்க ரெண்டு அட்டை வளையம், மோட்டார் முன்னாடி பாய்ஞ்சு போயிடாம தடுக்க ஒரு த்ரஸ்ட் ரிங், பின்னாடி கழண்டு விழாம இருக்க ஒரு கம்பி கொக்கி. ராக்கெட்டை தூக்கற பலம் முழுக்க அந்த த்ரஸ்ட் ரிங் மேலதான் விழும், அதனால பசையை அங்க தாராளமா போடு.

அப்புறம் ஃபின், வால் பக்கம் ஒட்டற சின்ன இறக்கை. மூணோ நாலோ. பால்சாங்கிற லேசான கட்டையில வெட்டினா மர ரேகை ஃபின்னோட முன் விளிம்பை ஒட்டியே ஓடணும், குறுக்கால ஓடினா தரையில விழுந்த உடனே பிஸ்கட் மாதிரி உடையும். குழாய் மேல நேர்கோடு போடறது எப்படின்னு எல்லா பசங்களும் முழிப்பாங்க, ஸ்கேல் வழுக்கும். கதவு நிலை மூலையில குழாயை சாய்ச்சு வெச்சு, நிலை ஓரத்தையே ஸ்கேலா வெச்சு பென்சிலை இழு, கோடு கச்சிதமா வரும். மூணு ஃபின்னுக்கு இடம் குறிக்கணுமா, ஒரு பேப்பர் பட்டையை குழாயை சுத்தி வெட்டி எடுத்து, அதை மூணா மடி, மடிப்பு விழுந்த இடம்தான் ஃபின் ஒட்டற இடம். ஒட்டி காஞ்சதும் ஃபின்னும் குழாயும் சேர்ற மூலையில இன்னொரு கோடு ஃபெவிகால் விட்டு விரலால ஒரே இழுப்பா இழுத்துவிடு, ஃபின்னுக்கு பாதி பலம் அந்த இழுப்புலதான்.

உடம்பு பக்கவாட்டுல ஸ்ட்ரா மாதிரி ஒரு சின்ன குழாய் ஒட்டியிருக்கும், அது லாஞ்ச் லக். 3 மில்லிமீட்டர் கனம், கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயர கம்பியில அதை மாட்டி விடுவாங்க. ஃபின் வேலை செய்யணும்னா காத்து அது மேல வேகமா அடிக்கணும், கிளம்பற நேரத்துல வேகமே இல்லையே, அதனால விநாடிக்கு 13 மீட்டர் மாதிரி வேகம் வர்ற வரைக்கும் கம்பி வழி காட்டுது, அப்பால ஃபின் பாத்துக்கும். நடை பழகற குழந்தைக்கு நடைவண்டி மாதிரி.

கேள்வி: மோட்டார் மேல சி6-5ன்னு போட்டிருக்கு, அர்த்தம் என்ன?
(பாலிடெக்னிக் மாணவர், ஆற்காடு)

எழுத்து மொத்த பலம், முதல் நம்பர் சராசரி தள்ளு விசை, கடைசி நம்பர் காத்திருக்கிற நேரம். ஏ வகைன்னா அதிகபட்சம் 2.5 நியூட்டன் விநாடி, பி 5, சி 10, டி 20, ஒவ்வொரு எழுத்துக்கும் ரெட்டிப்பு ஆகிக்கினே போகும். 6ன்னா சராசரியா 6 நியூட்டன், கிட்டத்தட்ட 600 கிராம் கல்லை கையில தாங்கற விசை, அது ரெண்டு விநாடிக்கும் கம்மியா இருக்கும். கிளம்பற அந்த கணத்துல மட்டும் இதைவிட ரொம்ப அதிகமா உதைக்கும், அந்த உதைதான் கம்பியை விட்டு வெளிய வர்றதுக்கு வேணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த கடைசி 5. மோட்டாரை வெட்டி பாத்த மாதிரி நினைச்சுக்கோ தம்பி, அடியில களிமண் நாசில், அதாவது கேஸ் வெளிய பாயற ஓட்டை, அது மேல கெட்டியா அழுத்தின மருந்து. அது எரிஞ்சு முடிஞ்ச உடனே பாராசூட் விரிஞ்சா ராக்கெட் அப்ப முழு வேகத்துல இருக்கும், பாராசூட் கந்தல் ஆயிடும். அதனால மருந்துக்கு மேல டிலேன்னு ஒரு அடுக்கு, புகை மட்டும் விட்டுகினு மெதுவா 5 விநாடி எரியும், அந்த நேரத்துல ராக்கெட் சும்மா மிதந்து மேல ஏறி உச்சியில வேகம் குறைஞ்சு நிக்கும். அங்க சரியா கடைசி அடுக்கு, எஜெக்ஷன் சார்ஜ், பொட்டுனு வெடிச்சு இந்த முறை மேல் பக்கமா கேஸை தள்ளும், வாடிங், பாராசூட், மூக்கு எல்லாம் வெளிய. ஒரு பேட்டரி இல்ல, சிப் இல்ல, எரியற நேரமே கடிகாரம். கனமான ராக்கெட் சீக்கிரமே உச்சிக்கு வந்துடும், அதுக்கு 5 போட்டா தலைகீழா பாதி தூரம் இறங்கின பிறகு திறக்கும், 3 போடணும்.

பத்த வைக்கிறது திரியில இல்ல. நாசிலுக்குள்ள மெல்லிசு கம்பி இக்னைட்டர், 5 மீட்டர் தள்ளி நின்னு பேட்டரி சுவிட்ச். அந்த சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாவி உண்டு, அது ராக்கெட் மாட்டறவர் பாக்கெட்டுலதான் இருக்கணும். அழுத்தியும் கிளம்பலன்னா சாவியை எடுத்துட்டு ஒரு முழு நிமிஷம் கிட்டயே போகக்கூடாது.

கேள்வி: எங்க மச்சான் டெக்சாஸ்ல இருந்து பொங்கலுக்கு வராரு. பையனுக்கு ரெண்டு மோட்டார் பெட்டியில போட்டு எடுத்துட்டு வர சொல்லட்டுமா?
(வாசகர், வாணியம்பாடி)

வேணாங்க ஐயா. அது வெடிபொருள் கணக்குல வரும், ஃப்ளைட்ல கைப்பையிலயும் கூடாது, பெரிய பெட்டியிலயும் கூடாது. ஏர்போர்ட்ல மச்சான் மாட்டிக்கிட்டா பொங்கலே போயிடும். பாடி டியூப், நோஸ் கோன், பாராசூட் இருக்கிற கிட் மட்டும் எடுத்துட்டு வர சொல்லுங்க, அதுக்கு ஒரு தடையும் இல்ல.

கேள்வி: நாங்க விட்ட பாட்டில் ராக்கெட் பத்தடி போனதும் குட்டிக்கரணம் போட்டு விழுந்துச்சு. பெரிய ஃபின்தான் வெச்சிருந்தோம், ஏன் சார்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், கணியம்பாடி)

தம்பிங்களா, இதே கூத்து எங்க கிட்டயும் நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பசங்க ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச ராக்கெட், சில்வர் பேப்பர் ஒட்டி தேசியக்கொடி எல்லாம் போட்டு அழகா இருந்துச்சு. 50 பிஎஸ்ஐ அடிச்சு கயித்தை இழுத்தோம், தென்னை மர உயரம் கூட போகல, பக்கவாட்டுல திரும்பி பல்டி அடிச்சு தண்ணியை எங்க மேலயே பீய்ச்சிட்டு மணல்ல குத்துச்சு. செஞ்ச பொண்ணு ஒண்ணும் பேசல, மணலை தட்டிக்கினு பாட்டிலை தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. அங்க டீ வித்துக்கினு இருந்த பெரியவர் எட்டி பாத்துட்டு, "இன்னாமா, தலையில வெயிட்டே இல்ல, வால்தான் கனமா கீது"ன்னாரு. அவர் சொன்னதுதான் முழு விஞ்ஞானமும்.

எல்லா ராக்கெட்டுலயும் ரெண்டு புள்ளி இருக்கு. ஒண்ணு எடை மையம், விரல் மேல வெச்சா சாயாம நிக்கிற இடம். இன்னொண்ணு அழுத்த மையம், பக்கவாட்டுல இருந்து காத்து தள்ளினா மொத்த தள்ளலும் எந்த இடத்துல விழுதோ அது. எடை மையம் மூக்கு பக்கமும் அழுத்த மையம் வால் பக்கமும் இருந்தா, ராக்கெட் லேசா கோணினாலும் காத்து வாலை தள்ளி திருப்பி நேராக்கிடும். ரெண்டும் இடம் மாறிட்டா அதே காத்து இன்னும் கோண வைக்கும், அதுதான் பல்டி. ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது குழாயோட ஒரு விட்டம் அளவு இடைவெளி வேணும், உங்க 2 லிட்டர் பாட்டிலுக்கு கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர்.

நீங்க பெரிய ஃபின் வெச்சது அழுத்த மையத்தை பின்னாடி இழுக்கும், அது சரிதான், ஆனா அந்த ஃபின்னை கனமான பிளைவுட்ல வெட்டியிருந்தீங்கன்னா எடை மையமும் கூடவே பின்னாடி வந்துடும். ஃபின்னை லேசான ஃபைல் அட்டையில வெட்டுங்க, மூக்குக்குள்ள களிமண் வைங்க. எவ்வளவுன்னு இப்படி கண்டுபிடிங்க: பறக்கற நிலையில, தண்ணி இல்லாம, ராக்கெட்டோட எடை மையத்துல ஒரு நூலை சுத்தி டேப்பு போட்டு, மூணு மீட்டர் கயிறா விட்டு தலைக்கு மேல கவண் மாதிரி சுத்துங்க. மூக்கு முன்னாடி பாத்துகினு ஓடினா விடலாம், வால் முன்னாடி வந்தாலோ தட்டாமாலை சுத்தினாலோ இன்னும் கொஞ்சம் களிமண். எங்க ராக்கெட்டுக்கு எலுமிச்சம்பழம் அளவு களிமண் வெச்ச பிறகு அதே பாட்டில் அதே பிஎஸ்ஐல அம்பு மாதிரி போச்சு, அந்த பொண்ணு கத்தின கத்தல் அக்கரைக்கு கேட்டிருக்கும்.

கேள்வி: திப்பு சுல்தான் ராக்கெட்டுக்கு ஃபின் இருந்துச்சா? எங்க ஊர் கோட்டையோட அதுக்கு சம்பந்தம் உண்டா?
(வாசகர், சைதாப்பேட்டை, வேலூர்)

ஃபின் இல்ல, நீளமான மூங்கில் கழி. தீபாவளி ராக்கெட்டுல குச்சி கட்டியிருக்கே, அதே தத்துவம், குச்சி நீளமா இருக்கிறதால காத்து பின்னாடி பிடிச்சுக்கும். மைசூர்க்காரங்க செஞ்ச பெரிய மாத்தம் காயிதத்துக்கு பதிலா இரும்பு குழாய், அதனால அழுத்தம் தாங்கிச்சு, தூரம் போச்சு. 1780-ல காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர் சண்டையில ஆங்கிலேயர் படை இதுக்கு திணறிச்சு. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுங்க இங்கிலாந்துக்கு போய் வில்லியம் காங்கிரீவ் அதை பாத்து தன்னோடத செஞ்சாரு, திப்பு குடும்பத்தை நம்ம கோட்டையில கொண்டு வந்து வெச்சாங்க, 1806 ஜூலை புரட்சி வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. ராக்கெட் ஒரு பக்கம் போச்சு, வீட்டு ஆளுங்க ஒரு பக்கம், அந்த திப்பு மஹால் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

கேள்வி: எங்க விடலாம்?
(வாசகர், சத்துவாச்சாரி)

தண்ணி இல்லாத நேரத்துல பாலாத்து மணல் நல்ல இடம், பாலத்தையும் கரண்ட் லைனையும் விட்டு தள்ளி. வைக்கோல் போர் பக்கம், காஞ்ச கரும்பு தோட்டம் பக்கம் வேணவே வேணாம். அப்துல்லாபுரம் ஏர்போர்ட் பக்கம் வேணாம். காலை ஏழு மணிக்குள்ள விட்டுடுங்க, வெயில் ஏறினா நம்ம ஊர் மலைக்கு நடுவுல காத்து எங்க இருந்து எங்க அடிக்கும்னு சொல்ல முடியாது. போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுத்துட்டு, இட ஓனர்கிட்ட கேட்டுட்டு விடுங்க.

கேள்வி: பாராசூட் திறக்கவே மாட்டேங்குது. மூக்கு கழண்டு வருது, பாராசூட்டும் வெளிய வருது, ஆனா உருண்டையாவே கீழ விழுது.
(பன்னிரெண்டாம் வகுப்பு மாணவி, ஆம்பூர்)

உன் தப்பு இல்லம்மா, வெயில் பண்ற வேலை. பிளாஸ்டிக் கவரை மடிச்சு மூடின குழாய்க்குள்ள வெச்சா நம்ம ஊர் சூட்டுக்கு மடிப்போட மடிப்பு ஒட்டிக்கும். பாராசூட்டை விரிச்சு போட்டு ரெண்டு பக்கமும் முகத்துக்கு போடற டால்கம் பவுடரை தூவி உதறு. அப்புறம் நூல் எல்லாத்தையும் சேர்த்து பிடிச்சு நீளத்தை பாரு, ஒண்ணு குட்டையா இருந்தாலும் ஒரு பக்கம் சுருங்கும். நூலை பாராசூட் மேல இறுக்கி சுத்தாதே, லேசா ரெண்டு சுத்து, அவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரியே மடிச்சு வைக்காதே, விடறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி மடி.

அளவும் பாத்துக்கோ. 150 கிராம் பாட்டில் ராக்கெட்டுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தா விநாடிக்கு மூணரை மீட்டர் மாதிரி நிதானமா இறங்கும். 20 மீட்டர் மேல போயிருந்தா இறங்க 6 விநாடி கிட்ட, அதுக்குள்ள காத்து விநாடிக்கு நாலு மீட்டர் அடிச்சா கூட இருபத்தஞ்சு மீட்டர் கிட்ட தள்ளி போய் விழும். பாராசூட் நடுவுல ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஓட்டை வெட்டு, ஆட்டம் நிக்கும். காத்து வர்ற திசையில போய் நின்னு விடு, ரெண்டு பசங்களை எதிர் பக்கம் முன்னாடியே நிக்க வெச்சிடு, பாராசூட் கருவேல முள்ளுல மாட்டறதுக்குள்ள பிடிச்சிடுவாங்க.